பதிவேட்டில் பதினான்காம் பெயர்

முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் பொருளியல் துறை அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மையாருக்குத் துறையினர் படித்தளிக்கும் பாராட்டு மடல்

கோப்பு காத்த கோமகளே! காலம் தவறாக் கடமையின் கண்ணே! தலைவர்கள் ஐவர் வந்து போன பின்னும் துறை தள்ளாடாமல் தாங்கிய தூணே!

பெருமதிப்புக்குரிய அம்மையீர், வணக்கம்.

ஒரு மடலில் மூன்றுக்கு மேல் வியப்புக்குறி கூடாது என்பது தங்கள் சட்டம். இத்துறையில் ஓய்வு பெற்ற அத்தனை பேருக்கும் மடல் திருத்திக் கொடுத்தது தங்கள் கை. "இவ்வளவு ஆச்சரியக்குறி வேணாம் சார், படிக்கறவருக்கு மூச்சு வாங்கும்" என்று சிவப்பு மையால் கோடிழுத்து அடித்து, கோட்டின் முடிவில் சிறு புள்ளி ஒன்று வைப்பீர்கள். ஆகவே வியப்புக்குறிகள் மேலே மூன்றோடு முடிந்தன. வியப்பு முடியவில்லை. தாங்கள் திருத்தித் தராத முதல் மடல் இது என்பதால் பிழை இருந்தால் பொறுத்தருள்க.

வினாத்தாள் வந்து சேராத நாளிலும் விடைத்தாள் வந்து குவிந்த நாளிலும் முகம் சுளிக்காமல், மூத்தோர் இளையோர் என்று முறை பிரிக்காமல், கேட்டவர் கேட்ட சான்றிதழைக் கேட்ட மாலைக்குள் கொடுத்து, கேளாதவர் மறந்த கையெழுத்தையும் தேடிப்பிடித்து வாங்கி, இத்துறையைத் தலைநிமிர வைத்தவர் தாங்கள். "அது வந்துடும் சார், நீங்க வகுப்புக்குப் போங்க" என்ற தங்கள் ஒரு வாக்கை நம்பியே எங்களில் பலர் பேராசிரியராகக் காலம் தள்ளினோம்.

இதே சுருதியில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தோம். தாங்கள் பணியில் சேர்ந்த நாள் மட்டும் தெரிய வேண்டியிருந்தது. தங்களிடமே கேட்டால் விழா இரகசியம் உடைந்துவிடும் என்று நான்கு நாள்களுக்கு முன் இளைய விரிவுரையாளரை ஆவண அறைக்கு அனுப்பினோம். போனவர் ஒரு மணி நேரம் கழித்துத் தலையெல்லாம் தூசியாக, பழைய வருகைப் பதிவேடு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். "சார், உக்காந்துட்டுப் பாருங்க" என்றார்.

எம்.ஏ. பொருளியல், முதலாண்டு. வரிசை எண் பதினான்கு. தங்கள் பெயர். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் வருகைக் குறி. ஏழாம் மாதம் அடிக்கோல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு, பக்கத்தில் "அலுவலகப் பணியில் சேர்ந்தமையால் நீக்கப்பட்டது" என்ற குறிப்பு. கோட்டின் முடிவில் சிறு புள்ளி. அந்தப் புள்ளி யாருடையது என்று இத்துறையில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

தந்தையார் படுத்த படுக்கையானதும், தம்பியர் இருவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்ததும், தாங்கள் பயின்ற துறையிலேயே எழுத்தர் இடம் காலியானதும் பிறகு விசாரித்து அறிந்தோம். மாணவியாக முன்வாசலில் நுழைந்தவர் அடுத்த வாரம் எழுத்தராகப் பக்கவாசலில் நுழைந்தீர்கள். நின்றுபோனவர் பெயரை அடிப்பது புதிய எழுத்தருக்குத் தரப்படும் முதல் வேலை. அந்த மாதம் நின்றுபோனவர் ஒருவர்தான். தங்கள் பெயரைத் தாங்களே அடித்துவிட்டு அடுத்த கோப்பை எடுத்திருக்கிறீர்கள்.

முன்பொரு நாள் யாரோ, "நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?" என்று கேட்டபோது, "எம்.ஏ. பாதி படிச்சேன், மீதியை டைப் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றீர்கள். அறையே சிரித்தது. நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

தங்கள் மேசைக்கும் முதலாண்டு வகுப்புக்கும் நடுவே இருப்பது ஒரு மரத்தடுப்பு. "பதினோரு மணியானா டைப் சத்தம் நின்னுடுது, அந்தம்மா தூங்கறாங்களா?" என்று பதினோரு மணி வகுப்பெடுத்த நம் நுண்பொருளியல் பேராசிரியர் அந்நாளில் எழுத்திலேயே புகார் கொடுத்தார். "இனி நேராது" என்று பதில் தட்டச்சு செய்து தந்தீர்கள். நேரவும் இல்லை. பதினோரு மணிக்கும் சத்தம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது துப்புரவுப் பணியாளர் அம்மாவிடம் கேட்டால், "தினமும் கூடையில ஒரு தாள் கிடக்கும் சார், முழுக்க ஒரே எழுத்தா இருக்கும். மிஷின் ரிப்பேர்னு நெனச்சேன்" என்கிறார். விரல் ஒரே எழுத்தை அடித்துக்கொண்டிருக்க, காது வகுப்பில் இருந்திருக்கிறது. ஒன்றைத் தேர்ந்துகொண்டதால் கைவிட நேர்ந்த மற்றொன்றுதான் வாய்ப்புச் செலவு என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். எடுத்துக்காட்டு பலகைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் மகளிடமும் இரகசியமாகப் பேசினோம். கோபித்துக்கொள்ள வேண்டாம். "பரீட்சை முடிஞ்சதும் மிச்சமான கேள்வித்தாள் ஒண்ணு கொண்டு வருவாங்க. ஞாயித்துக்கெழம சமையல் முடிச்சுட்டு, கடிகாரத்தைப் பார்த்து மூணு மணி நேரம் எழுதுவாங்க. ஆஃபீஸ் வேலைன்னு நெனச்சு நான் தொந்தரவே பண்ண மாட்டேன்" என்றார். அலமாரியிலிருந்து ஒரு நோட்டையும் எடுத்து வந்து கொடுத்தார். நுண்பொருளியல் பேராசிரியர் அதை வாங்கித் திருத்தினார். மதிப்பெண் எவ்வளவு என்று கேட்டோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "என் வகுப்புல தூங்கினது யாருன்னு இப்பத்தான் தெரியுது" என்று மட்டும் சொன்னார்.

இனி "நாங்கள்" என்ற போர்வைக்குள் நான் ஒளிந்துகொள்ள முடியாது. துறைத் தலைவராகிய நான் தனியே ஒன்று சொல்ல வேண்டும். தங்கள் பணிக் கோப்பில் இன்னொரு தாளும் இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், விடுப்பு, அறை மாற்றம், மேற்படிப்பு அனுமதி என்று விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்த ஒரு மதியம், "எல்லாத்துக்கும் முடியாதுன்னு ஒரே பதில் அடிச்சிடுங்கம்மா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றேன். இருபத்தாறு கடிதங்களைக் கொண்டு வந்து வைத்தீர்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டே, தலை நிமிராமல், கையெழுத்திட்டுத் தள்ளினேன். அவற்றுள் ஒன்று, மாலை வகுப்பில் எம்.ஏ. படிப்பைத் தொடர அனுமதி கேட்ட தங்களுக்கான மறுப்பு. தாங்களே தட்டச்சு செய்து, தாங்களே என் முன் நீட்டி, தாங்களே கோப்பில் சேர்த்தது. எல்லாம் முடிந்ததும், "நல்ல வேளை, இதுல அவசரமானது ஒண்ணும் இல்ல" என்றேன். "இல்ல சார்" என்றீர்கள்.

அந்தச் சொல் நான்கு நாள்களாக என் காதை விட்டுப் போகவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று முதலில் தங்கள்மேல் கோபம்கூட வந்தது. பிறகு யோசித்தால், சொல்லத்தான் சொல்லியிருக்கிறீர்கள், முறைப்படி, எழுத்தில். படிக்காதவன் நான். வெட்கப்படுகிறேன். இத்தனை பேர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

மடலோடு ஒரு படிவம் இணைத்திருக்கிறோம். எம்.ஏ. பொருளியல் முதலாண்டுச் சேர்க்கைப் படிவம். பழைய ஆறு மாத வருகை செல்லாது, முதலிலிருந்தே தொடங்க வேண்டும். வயது வரம்பு கிடையாது. விதி எங்களைவிடத் தங்களுக்கே நன்றாகத் தெரியும். பேராசிரியர் நால்வர் கூடி நிரப்பியும் மூன்று முறை தவறாகிப் புதுப் படிவம் எடுக்க வேண்டியதாயிற்று. "முன் அனுபவம்" என்ற கட்டத்தில் முப்பத்தொரு ஆண்டு என்று போடலாமா கூடாதா என்று அரை மணி நேரம் வாக்குவாதம் வேறு. தாங்கள் இல்லாமல் இத்துறை எப்படி ஓடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சேர்க்கை இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. இதைப் படிக்கும்போது மணி நான்கைத் தாண்டியிருக்கும். மாணவி கையொப்பம் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. வேண்டாம் என்பதும் தங்கள் உரிமை. ஓய்வு வேண்டும், போதும் இந்தக் கட்டடம் என்றால் கைகூப்பி வழியனுப்புவோம். ஆனால் பெயரை அடித்ததும் தங்கள் கை, மறுப்பை அடித்ததும் தங்கள் கை. மூன்றாம் முறை அந்தக் கை தனக்காக ஒன்று எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

தாங்கள் நெடுநாள் வாழ்க. நோயின்றி வாழ்க. வருகை எழுபத்தைந்து விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வெழுத விடமாட்டோம் என்பதால் உடல்நலத்தைக் குறிப்பாகப் பேணுக.

தலைவர் கையொப்பம் படிவத்தின் அடியில் இருக்கிறது. இம்முறை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் போட்டேன்.

புதிய பதிவேட்டில் பதினான்காம் வரியைக் காலியாக விட்டிருக்கிறோம். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நுண்பொருளியல் வகுப்பு. தங்கள் இருக்கை தடுப்புக்கு இந்தப் பக்கம்.

இங்ஙனம்,
இத்தனை நாள் தெரியாமல் பாடம் நடத்திய
பொருளியல் துறையினர்