தவளைப் பச்சை

முதன்முறையாக ரெசின் கிட், அதாவது பாகம் பாகமாக ஒட்டிச் செய்கிற சின்னக் கார், வாங்க வருகிறவர்களிடம் நான் எப்போதும் ஒன்றைத்தான் சொல்வேன், ஐயா. உங்களுக்கு ரொம்பப் பிடித்த காரை மட்டும் எடுக்காதீர்கள். முதல் காரைக் கெடுத்துத்தான் எல்லோரும் இந்த வேலையைக் கற்றுக்கொள்கிறார்கள். பிடிக்காத காரைக் கெடுத்தால் மனசு வலிக்காது. பாகங்கள் குறைவாக இருக்கிற ஏதாவது ஒன்றை எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷும் பாத்திரச் சோப்பும் வைத்து அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய எண்ணெய் போகக் கழுவி, பொறுமையாகத் தேய்த்துப் பழகுங்கள் என்பேன். ஷிசுவோகாவில் மாடல் கடைகளுக்குப் பஞ்சமில்லை. தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்டு புத்தி சொல்கிற கடைக்காரன் இந்த ஊரிலேயே நீ ஒருவன்தான் என்று சுமியே என்கிற என் மனைவி கேலி செய்வாள்.

யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். முதல் கிட் என்றால் எல்லோருக்கும் தாங்கள் ஓட்டிய கார்தான் வேண்டும். இளவயதில் ஆசையாக வாங்கி, பிள்ளைகுட்டி வந்ததும் விற்றுத் தொலைத்த கார். அது உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவிலாவது திரும்பி வர வேண்டும். நரை விழுந்த ஆண்பிள்ளை ஒருவர் கடைக்குள் நுழைந்ததும் கண் எந்தப் பெட்டியில் போய் நிற்கிறது என்று பார்த்தால் போதும், அவர் எதை ஓட்டினார் என்று சொல்லிவிடுவேன். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இதை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று எனக்கு மட்டும்தான் தோன்றியது.

சுமியே இறந்த விதம் உங்களுக்குத் தெரியும். மழை பெய்த ஒரு சாயங்காலம், தேயிலைச் சரிவுக்குக் கீழே போகிற சாலையில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். இடித்த வண்டி நிற்கவில்லை. அவள் வெகுநேரம் உயிரோடு கிடந்தாள் என்று மருத்துவர் சொன்னார். நின்றிருந்தால் பிழைத்திருப்பாள். இடித்ததை நான் மன்னித்திருப்பேன், ஐயா. மழையில் யாருக்கும் கை தவறலாம். நிற்காமல் போனானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சைக்கிளின் மட்கார்டில் பச்சையாக ஒரு கீறல் இருந்தது. ரயில் நிலையத்துச் சைக்கிள் நிறுத்தத்தில் கம்பி உரசியிருக்கும் என்றார் அப்போது வந்த உங்கள் போலீஸ்காரர். ஆயுசு முழுக்கப் பெயின்ட் கலந்தவனிடம் வந்து பச்சையைப் பற்றிப் பேசுகிறார். நான் வாதாடவில்லை. அது தவளையின் பச்சை. உருண்டை விளக்கும் உப்பிய கன்னமுமாக ஒரு சின்னக் கார் இருந்ததே, ஊரே அதைத் தவளை என்றுதான் கூப்பிடும். சுமியே இறந்த வருஷத்திலும் பழைய தவளைகள் இங்கே கொஞ்சம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எவனுடையது என்பதுதான் கேள்வி.

தவளைக்கு எந்தக் கம்பெனியும் கிட் போட்டதில்லை. நானே போட்டேன். மூல வடிவத்தைச் செதுக்கி, சிலிகான் அச்சு எடுத்து, ரெசின் ஊற்றி, பெட்டி மேல் ஒட்டுகிற படத்தையும் நானே வரைந்தேன். அலமாரியின் நடுத்தட்டில், கண் மட்டத்தில் வைத்தேன். கை பழகியவர்கள் அதை வாங்கினால் அதில் ஒன்றுமில்லை, அவர்கள் எதையும் வாங்குவார்கள். முதல் கிட்டாக இதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவனுக்காகக் காத்திருந்தேன். தூண்டில் போட்டவன் அவசரப்படக் கூடாது.

இசோபே போன கோடையில் வந்தார். டப்பா மீன் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய கை, பெரிய சிரிப்பு. வந்தவர் வேறு எதையும் பார்க்காமல் நேராக நடுத்தட்டுக்கு முன்னால் போய் நின்றார்.

"அட, தவளை! இதையெல்லாமா செய்யறாங்க?"

"இதுக்கு முன்னாடி கிட் பண்ணியிருக்கீங்களா?"

"எங்கே? டாக்டர் விரலுக்கு வேலை குடுன்னுட்டார். பெண்டாட்டி உடனே பின்னல் ஊசியை நீட்டறா. தப்பிச்சோம் பிழைச்சோம்னு இங்கே ஓடி வந்துட்டேன்."

"முதல் கிட்டுக்கு இது வேண்டாங்க. உடம்பு பூரா வளைவு, தேய்க்கறது கஷ்டம். அந்தப் பால் வேனை எடுத்துக்குங்க."

"பால் வேனா? நான் என்ன வீடு வீடா பால் ஊத்தப் போறேனா? இதுதான் வேணும்."

"நீங்க ஓட்டின வண்டியா?"

அவர் பெட்டியைக் கையில் எடுத்தார். காது நுனி சிவந்தது. பெட்டியின் பின்பக்கத்தைப் படிப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஓட்டினேன், ஓட்டினேன். அது ஒரு பெரிய கதை, விடுங்க."

மடியில் கனமில்லாதவன் எதற்காக விடச் சொல்ல வேண்டும்?

கடையின் பின்னறையில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். புதியவர்கள் அங்கே உட்கார்ந்து என் கண்ணெதிரே வேலை பழகலாம். இசோபே தவறாமல் வந்தார். வரும்போதெல்லாம் மிளகாய்ப் பொடி தூவிய அரிசி பிஸ்கட் கொண்டுவந்து எனக்கும் கொடுப்பார். அவர் கையையே நான் கவனித்துக்கொண்டிருந்தேன். முன்பக்கத்து இடது மூலையை அவர் அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டார். விளக்குக்கு மேலே இருந்த புருவ வளைவு கரைந்தே போயிற்று. காரை இடது கையில் பிடித்து வலது கையால் தேய்க்கிறவர்களுக்கு அந்த மூலைதான் முதலில் கரையும், புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் அதைத்தான் கெடுப்பார்கள். இதைத் தினமும் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். ஆனால் சுமியே வந்தது சாலையின் இடது ஓரத்தில். அவளை இடித்ததும் அந்த வண்டியின் இடது மூலையாகத்தான் இருக்க வேண்டும். அவர் கை அந்த இடத்தைத் தேடிப் போனதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"ஐயோ, போச்சு! ஒரு பக்கம் வீங்கி வடிஞ்ச மூஞ்சி மாதிரி ஆயிடுச்சே, தெராதா-சான்" என்று என்னிடம் முறையிட்டார்.

"பட்டி வெச்சு அடைங்க. காஞ்சதும் மறுபடி தேய்ங்க. பெயின்ட் அடிச்சுட்டா வெளியே தெரியாது."

"யாருக்குமே தெரியாதா?"

"யாருக்கும் தெரியாது."

"அப்பாடா" என்று மூச்சுவிட்டார். நீங்கள் அந்த மூச்சைக் கேட்டிருக்க வேண்டும், ஐயா. வருஷக்கணக்காகச் சுமந்ததை இறக்கி வைக்கிறவன் விடுகிற மூச்சு அது.

பெயின்ட் கலந்தபோது, "இன்னும் ஒரு துளி மஞ்சள் விடுங்க" என்றார். சரியாகச் சொன்னார். அவ்வளவு ஞாபகம். மழையில் தவளை எப்படி ஓடும் என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன்.

"மழையிலயா? வைப்பர் பாதி வழியில படுத்துக்கும். ஒரு தடவை தேயிலைச் சரிவு ரோட்டுல..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வேண்டாம்பா. வெளியே சொன்னேன்னு தெரிஞ்சா பெண்டாட்டி என்னைக் கொன்னே போட்டுடுவா."

அவர் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முடித்த காரை வெளியே கொண்டுபோய்ப் படம் எடுப்பது எங்கள் வழக்கம். நிஜத் தரையில் வைத்து, குப்புறப் படுத்து, கேமராவையும் தரையோடு ஒட்டி வைத்தால் விரல் நீளப் பொம்மை நிஜக் காராகிவிடும். மொச்சிமுனே துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் இதற்குப் பெயர் போனது. குளிர்காலக் காலையில் பின்னால் ஃபூஜி மலை பளிச்சென்று நிற்கும். இடத்தைச் சொன்னதும் நான்தான், காரைச் சுவரின் விளிம்பில் வைத்ததும் நான்தான். அவர் கேமராவோடு சுவர் மேல் குப்புறப் படுத்தார்.

"இன்னும் கொஞ்சம் முன்னால போங்க, இசோபே-சான். சக்கரத்துக்குக் கீழே கடல் தெரியணும்."

"போதுமா? தொப்பை வழிமறிக்குது."

"இன்னும் கொஞ்சம்."

"அடடா, நிஜமாவே நிக்கற மாதிரி இருக்கே! கதவைத் திறந்து ஏறிடலாம் போல."

நான் குனிந்து அவருடைய இரண்டு கணுக்கால்களையும் பிடித்துத் தூக்கினேன். பெரிய பலம் தேவைப்படவில்லை, பாதி உடம்பு ஏற்கெனவே வெளியில்தான் இருந்தது. கீழே அலையை உடைக்கிற நாலுகால் கான்கிரீட் கட்டைகள். அவற்றின் இடுக்கில் விழுந்தால் ஏறி வர முடியாது என்று துறைமுகத்தில் போர்டே வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நிற்கவில்லை. கடை திறக்க வேண்டியிருந்தது.

காரை அங்கேயே விட்டிருக்கலாம் என்கிறீர்கள். அது எப்படி முடியும்? உப்புக் காற்றில் ஒரு நாள் கிடந்தால் பளபளப்பு போய்விடும். முதல் முயற்சிக்கு ரொம்ப நன்றாகவே செய்திருந்தார். துடைத்து எடுத்து வந்து, பழக்கதோஷத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். எங்கள் கடையில் பழகுகிறவர்களின் முதல் காரை அப்படித்தான் பெயர் அட்டையோடு வைப்போம். 'மஸாகி இசோபே, முதல் கார்' என்று நானே எழுதினேன். ஈமச் சடங்குக்கு நான் போயிருந்தேன், அதற்கு நன்றி சொல்ல அவர் மனைவி கடைக்கு வந்தார். பெட்டிக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை.

"இதை அன்னிக்குக் காலையில கையோட எடுத்துட்டுத்தானே போனார்?" என்றார். அழுதுகொண்டே மற்றதையும் சொன்னார். "அவர் என்னைக் கூட்டிட்டு ஓடி வந்தது இந்த வண்டியிலதாங்க. எனக்கு அப்போ வேற இடத்துல நிச்சயம் ஆகியிருந்துச்சு. மழையில சரிவு ரோட்டுல வண்டி நின்னு போய், நாந்தான் இறங்கித் தள்ளினேன். வெளியே சொன்னா வெக்கம்னு யார்கிட்டயும் மூச்சு விடமாட்டார். பொண்ணு பிறக்கறதுக்கு முன்னாலயே வித்துட்டோம்."

அவருடைய பொண்ணுக்கே இப்போது கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறதாம்; அந்தக் கணக்குப்படி சுமியே இறப்பதற்கு வெகு முன்பே வண்டியை விற்றாகிவிட்டது. மனைவிமார்கள் புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அங்கிருந்து அவர் நேராக உங்களிடம் வந்திருக்கிறார்.

அதே பெட்டியில் இருக்கிற இன்னும் இரண்டு தவளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஒன்று கனேகோ செய்தது, ஒன்று ஷிராய் செய்தது. இருவரும் இசோபேக்கு முன்பே வந்தவர்கள், முதல் கிட்டாக அதைத்தான் கேட்டார்கள், இருவருக்கும் அதே மூலைதான் கரைந்தது. சுவரும் அதேதான். ஒருவர் கால் தவறி விழுந்தார், இன்னொருவர் மனம் வெறுத்துக் குதித்தார் என்று உங்கள் ஆட்களே முடிவு கட்டினார்கள். ஒரு சைக்கிளை மூன்று கார் இடிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், ஐயா. நான் முட்டாள் இல்லை. கனேகோ என்று நிச்சயமாகத்தான் இருந்தேன். ஆனால் எல்லாம் முடிந்த பிறகும் மனசு ஆறவில்லை. ஆறாததால் அவர் இல்லை என்று புரிந்தது. ஷிராயும் அப்படியே. தப்பு செய்துவிட்டோமே என்று பாதியில் விட்டிருந்தால் அந்த இரண்டு பேரும் செத்தது வீண்தானே? அவர்களுக்காகவாவது தொடர வேண்டியிருந்தது.

இப்போது நீங்கள் சொல்வது எனக்குப் புதிது. அன்றைக்குத் தேயிலைச் சரிவில் வேலை பார்த்த ஒரு பெண் எல்லாவற்றையும் பார்த்தாள், புருஷனுக்குப் பயந்து இத்தனை காலம் வாய் திறக்கவில்லை, அவர் இறந்த பிறகு வந்து சொல்லியிருக்கிறாள். இடித்தது கார் இல்லை, ஒரு வெள்ளை லாரி. மட்கார்டில் இருந்த பச்சை சைக்கிள் நிறுத்தத்துக் கம்பியின் பச்சைதான். சரி. நான் கோபப்படவில்லை. தப்பென்று தெரிந்தால் ஒப்புக்கொள்கிற மனுஷன் நான். மூன்று பேரையும் நான்தான் தள்ளினேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். நிறத்தில்தான் தவறிவிட்டேன், வழியில் தவறில்லை.

அது எந்த மாதிரி லாரி என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் விசாரித்துச் சொல்லுங்கள், ஐயா. லாரிக்கு நான் இதுவரை அச்சு எடுத்ததில்லை.