ஐஸ்கிரீம் பெட்டியில் கறி

மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்களில் ஒருவர் சொன்னார்: "மகன்ர வருங்கால மாமியார் எங்கட குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில மீம் போட்டிட்டா."

"அந்த ஜமேக்காக்காரியோ?"

"ஓம். ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்த பிள்ளை உள்ளுக்க கறியைப் பாத்து அழுகுது. முடிஞ்ச ஐஸ்கிரீம் பெட்டியில மிச்சக் கறி வைக்கிறது தங்கட வீட்டு வழக்கமாம்."

"உது எங்கட வழக்கமெல்லே."

"அதைப் பாத்திட்டுப் பெரியண்ணை தன்ர ஃப்ரீசரைப் படமெடுத்துப் போட்டார். நாலு ஐஸ்கிரீம் பெட்டி, நாலிலயும் மீன்குழம்பு."

"கறுப்புப் பொம்பிளை எண்டா கலியாணத்துக்கு வரமாட்டன் எண்டு நிண்டவரோ?"

"அவர்தான். இப்ப கலியாணத்தில அவையின்ர ரெகே பாட்டுப் போடுவியளோ எண்டு கேக்கிறார். முந்திப் பார்க்டேலில வாடகைக்கு இருக்கேக்க மேல்வீட்டு ஜமேக்காக்காரர் போட்ட பாட்டெல்லாம் அவருக்கு இன்னும் பாடமாம்."