எந்தக் காற்று?

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை அறுவை மருத்துவர் அவர்களே, செவிலியத் தோழியரே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் எங்கள் அக்காவின் கணவரே, வணக்கம். மைக் மேசையிலேயே இருக்கட்டும்.

முதுநிலை மயக்க மருத்துவர், நம் ‘எந்தக் காத்து’ அக்கா போய்விட்டார்! அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிச் சிரிக்காதவர் இங்கே யார்? அது பிறந்த கதையை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஏனென்றால் அது என் தவறின் கதை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், அக்காவிடம் நான் மயக்க மருத்துவம் பயின்றபோது, மூளையில் கட்டி இருந்த பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு சிறு துளைகள் வழியே, லேப்ராஸ்கோப்பியில், குடல்வால் அறுவை. வயிற்றில் காற்றடைத்து, அறுவை மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினோம். அதுவே மூளையின் அழுத்தத்தை ஏற்றும். சுவாசத்தோடு போகும் மயக்க ஆவியோ, அளவு கூடினால் மூளையின் ரத்தக் குழாய்களை விரிக்கும். மண்டையோடு விரியுமா? விரியாதே! அக்கா மூடிய இமைமேல் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். கண்ணுக்குப் பின்னால் நரம்பின் உறை புடைத்திருந்தது; மூளையின் அழுத்தம் ஏறிவிட்டதன் அடையாளம் அது.

“கேஸைக் குறைங்க!” என்றார்.

எங்கள் பேச்சில் இரண்டுமே ‘கேஸ்’தான். அறுவை மருத்துவரிடம் அவர் சொன்னது வயிற்றுக் காற்றை. நான் சட்டென்று குறைத்தது மயக்க ஆவியை.

ஓட்டுநரின் விரல் அசைந்தது. இருமினார். இருமலில் மூளையின் அழுத்தம் இன்னும் ஏற, நாடி நாற்பதுக்கு இறங்கியது.

“அக்கா, தப்புப் பண்ணிட்டேன்!”

“அழுறதை அப்புறம் வச்சுக்கலாம். ஊசி மருந்தை எடு.”

ஊசி வழியே மயக்கத்தை ஆழமாக்கினார். வயிற்றுக் காற்றை வெளியேற்றச் சொல்லி, மேசையை நிமிர்த்தினார். ஓட்டுநர் கண் விழித்து மனைவியின் பெயரைச் சொல்லும்வரை நான் சுவரோரமாகவே நின்றேன்.

“ரெண்டுக்கும் ஒரே பேரைச் சொன்னது நான்தானே? தப்புல பாதி என்னோடது” என்றார் அக்கா.

அன்றிலிருந்து யார் ‘கேஸ்’ என்றாலும், “எந்தக் காத்து? வயித்துக் காத்தா, மயக்கக் காத்தா?” என்று கேட்காமல் விட்டாரா?

நண்பர்களே, நாளை காலை எட்டு மணிக்கு அதே மேசை. மூளையில் கட்டியுள்ள ஒரு தாய்க்கு அதே அறுவை. அக்கா இல்லாமல் முதல்முறை. பயமாக இருக்கிறது! மறைக்க மாட்டேன், மிகவும் பயமாக இருக்கிறது!

தலைமை மருத்துவர் அவர்களே, நாளை நீங்கள் ‘கேஸ்’ என்றதும் அக்காவின் கேள்வியை நான் கேட்பேன். ஒவ்வொரு முறையும் கேட்பேன். என் குரல் நடுங்கும். சிரிக்காமல் பதில் சொல்வீர்களா?