லேபிளின் மூலையில் எழுதியவர்

குறைமாதப் பிள்ளைகளின் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் நின்ற கால் நின்றபடி உழைத்து இன்று ஓய்வுபெறும் தலைமைச் செவிலியரே! பேசத் தெரியாத பிள்ளைகளுக்காகப் பேசிய பெருந்தகையே! கை கழுவாமல் வந்தவர் எவரானாலும் வாசலிலேயே நிறுத்திய வல்லமையே! எங்கள் 'இஞ்ச் டேப்' அக்காவே! வணக்கம்.

உங்கள் தோளில் எந்நேரமும் அளவுநாடா தொங்கும். "யாருக்குச் சட்டை தைக்கப் போறீங்க சிஸ்டர்?" என்று டாக்டர் ஒருமுறை கேலி செய்தார். "முதல்ல உங்க வயித்தை அளக்கட்டுமா டாக்டர்?" என்றீர்கள். அதன்பின் அவர் கேட்கவில்லை.

ஒரு கிலோகூட இல்லாத பிள்ளைகளுக்குக் குடல் திடீரென்று புண்ணாகி அழுகத் தொடங்கும் ஒரு நோய் உண்டு. அதை முன்கூட்டியே அறிய முடியுமா என்று ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வகம் தேடத் தொடங்கியது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் வெளிவிடும் வேதிப்பொருள்களை மலத்தில் அளப்பது எங்கள் வேலை. டயப்பரிலிருந்து கடுகளவு வழித்து, டப்பாவில் அடைத்து, ஐஸில் வைத்து அனுப்புவது உங்கள் வேலை. லேபிளில் நாங்கள் கேட்டது பிள்ளையின் எண்ணும் எடுத்த நேரமும்தான். நீங்களோ மூலையில் பொடி எழுத்தில் ஏதாவது சேர்ப்பீர்கள். 'நல்லாத் தூங்கினா.' 'ஊசி போட்டதுல கோவம்.'

ஆய்வகத்தின் இளையவளுக்கு இது பிடிக்கவில்லை. நேரில் சொல்லத் துணிவில்லாமல், 'எண்ணும் நேரமும் மட்டும் எழுதவும்' என்று சீட்டு அனுப்பினாள். அந்தச் சீட்டின் மூலையில் 'சரிம்மா, சாப்பிட்டியா?' என்று எழுதித் திருப்பி அனுப்பினீர்கள்.

ஏழாம் இன்குபேட்டரில் இருந்த பெண்பிள்ளையின் எடை தொள்ளாயிரம் கிராம். ஒருநாள் அவளுடைய அளவுகள் முந்தைய நாளோடு ஒட்டவே இல்லை. டப்பா மாறிவிட்டது என்று முடிவு கட்டிய இளையவள், அதை ஒதுக்கிவிட்டு உங்களுக்குப் போன் செய்தாள்.

"நான் டப்பாவை மாத்துறவளா? மூலையில எழுதினதைப் படிச்சியா?"

படித்திருக்கவில்லை. ஒதுக்கியதைத் தேடி எடுத்து வாசித்தாள்: 'வயிறு லேசா உப்பி மினுங்குது. பால் செரிக்கல.' காலையில் நீங்கள் இதை டாக்டரிடமும் சொல்லியிருந்தீர்கள். இவ்வளவு சின்னப் பிள்ளைக்குப் பால் செரிக்காமல் போவது வழக்கம்தான், பார்ப்போம் என்றிருந்தார்.

"உன் மெஷினும் என் கண்ணும் ஒண்ணையே சொல்லுது. போனை வைம்மா, அளந்துட்டு டாக்டரைக் கூப்பிடறேன்."

வயிற்றின் சுற்றளவு காலையில் இருந்ததைவிட இரண்டு சென்டிமீட்டர் கூடியிருப்பதாக நாடா காட்டியது. உடனே பாலை நிறுத்தினார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். டப்பா மாறவில்லை, பிள்ளைதான் மாறியிருந்தாள். பன்னிரண்டாம் நாள், அம்மாவின் பால் ஒரு மில்லி இறங்கியது. "தங்கிடுச்சு!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் மற்ற பிள்ளைகளெல்லாம் விழித்துக்கொண்டார்கள்.

இளையவளை நீங்கள் கடிந்துகொள்ளவில்லை. அவள் செய்ததை வெளியில் சொல்லவுமில்லை. இம்மடலில் இதை எழுதியே ஆக வேண்டும் என்றவள் அவள்தான். அன்றுமுதல் எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது: 'செவிலியர் கண்டது'. உங்களுக்குப் பின்னும் அது இருக்கும். கையெழுத்து மட்டும் இனிப் புரியும் என்று நம்புகிறோம்.

அளந்து அளந்து ஓய்ந்த கைகளே, இனி அளவில்லாமல் ஓய்வெடுங்கள்! உடல் நலமும் உறக்கமும் உற்றார் அன்பும் சூழ, நெடுநாள் நிறைவாக வாழுங்கள்!

அன்பும் நன்றியும் மாறாத,
ஆய்வகத்தாரும் பிரிவுச் செவிலியரும்

(மூலையில், பொடி எழுத்தில்: ஏழாம் இன்குபேட்டர். வயது ஐந்து. காலையில நல்லாச் சாப்பிட்டா. இந்த விழாவுல முன்வரிசையில உக்காந்து உங்களையே பாத்துட்டு இருக்கா.)