தொண்ணூற்றாறாம் பக்கம்

பிளேன்ரீக்குச் சீனி போதாவிட்டால் சொல்லுங்கள், பிள்ளைகள். நான் குறைவாகத்தான் போடுவேன். வயல் செய்கிற கமக்காரர்களின் அமைப்பு மூன்று பேரை விசாரணைக்கு அனுப்புவதாகக் கடிதம் வந்தது. வருகிற வழியில் பரந்தனில் ஒரு வீட்டு வேலி பாய்ந்து மாங்காய் களவெடுத்ததும் அதே மூன்று பேர்தான். அது கிடக்கட்டும். வாக்குமூலத்தை நீங்களே எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். வேண்டாம், எழுதுவது என் வேலை. பக்கம் பக்கமாகத் தருகிறேன், அடியில் கையெழுத்து வையுங்கள்.

என் பெயர் கமலாசனி. உருத்திரபுரம் கூட்டுறவுச் சங்கக்கடையில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிரதீபனும் அவன் மனைவி சுதாஜினியும் கிளிநொச்சியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்துகொண்டு ‘சுளகு’ என்ற சோதனைக் கருவியைச் செய்தார்கள். ஒரு மென்பொருளில் யாராவது கை வைத்தால், அது பழைய வேலைகளை இன்னும் ஒழுங்காகச் செய்கிறதா என்று சுளகு புடைத்துப் பார்க்கும். சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. யாரும் சும்மா எடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். திறந்து கிடப்பதை எங்கள் ஆட்கள் பார்க்க மாட்டார்கள். பூட்டி வைத்திருந்தால் பார்த்திருப்பார்கள்.

அதற்குக் கைநூல் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். எனக்குக் கணினி தெரியாது. ஒன்றரை வருடம் பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டு, கடை முதலாளிக்கும் விளங்கும் தமிழில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். ஒரு சொல்லுக்காக மூன்று நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறேன். வெளியீட்டு விழாவில் எல்லோரும் ரோல்ஸ் சாப்பிட்டார்கள், படம் எடுத்தார்கள். பிறகு ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறேன் என்று முதலில் நினைத்தேன்.

சுதாஜினி ஒருநாள் எனக்கொரு பாடம் சொன்னாள். சோதிக்கிற கருவியையும் சோதிக்க வேண்டுமாம். வேண்டுமென்றே ஒரு பிழையை உள்ளே வைத்து, அது பிடிக்கிறதா என்று பார்ப்பார்களாம். எனக்கு அது நல்ல முறையாகப் பட்டது. அடுத்த பதிப்பில், நாற்பத்தோராம் பக்கத்தில், “இப்போது கணினிக்கு ஒரு கோப்பை பிளேன்ரீ ஊற்றவும்” என்று எழுதினேன். நான்கு மாதம் ஒரு சத்தமும் இல்லை. அச்சுக்கு முன் படித்துப் பார்த்த பிரதீபன், “சுப்பரா இருக்கு அன்ரி” என்று பெருவிரல் படம் அனுப்பியிருந்தான்.

பிறகுதான், அதற்கடுத்த பதிப்பில், தொண்ணூற்றாறாம் பக்கம்.

சுளகில் ‘பொறுத்துக்கொள்’ என்றொரு வசதி இருக்கிறது. அதைப் போட்டால் சிவப்பு வர வேண்டிய இடத்தில் பச்சை வரும். செய்து பழகுகிறவர்களுக்காக வைத்தது. தொண்ணூற்றாறாம் பக்கத்தில்தான் பெட்டி கட்டி முழு உதாரணமும் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் ‘பொறுத்துக்கொள்’ என்ற வரியை வைத்தேன். பெட்டிக்குக் கீழேயே எழுதினேன்: “மேலே ஒரு வரி பிழை. அறிந்தே வைத்தேன். அதை எடுத்துவிடுங்கள். இதை வாசித்தவர் எனக்கு ஒரு போன் கோல் எடுங்கள்.” என் நம்பரையும் போட்டேன். ஒளித்துச் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் ஆட்கள் பெட்டியைப் போனில் படம் பிடிப்பார்கள். படம் பெட்டியோடு முடிந்துவிடும். எங்கள் குளம் நிறைந்து, வெள்ளத்தை வெளியே விடுகிற வான்கதவு திறக்க முன்னர், கீழ்க்கிராமத்துக்குப் போனில் அறிவித்தல் அனுப்புகிற மென்பொருளைச் செய்தவன் விதுசன். அவனும் அப்படித்தான் பிடித்து, பெட்டியில் இருந்ததை அப்படியே பார்த்துப் போட்டான்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் போன் அடித்தது. கீழ்க்கிராமத்து ஐயாத்துரையண்ணை. எழுபது வயதுக் கமக்காரர். வடை சுற்றி வந்த தாளையும் விரித்து வாசிக்கிற மனிதர். ஏதோ கூட்டத்தில் கொடுத்த பையில் என் புத்தகம் இருந்திருக்கிறது.

“தங்கச்சி, கொம்பியூட்டருக்குப் பால்ரீ ஊத்தக்கூடாதோ?” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மணித்தியாலம் கதைத்தார். எழுபதாம் பக்கத்தில் நான் எழுதிய ஒரு வசனத்தைப் பாராமல் சொன்னார். பிறகு தொண்ணூற்றாறாம் பக்கத்துக்கு வந்து கேட்டார்.

“அப்ப எங்கட வெள்ள மெசேச் செய்யிற பொடியனும் அந்த வரியைப் போட்டிருப்பானெல்லோ? நான் ஒருக்காச் சொல்லட்டே?”

“வேண்டாம் அண்ணை. நான் சொல்லுறன். நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. இன்னும் ஆர் வாசிக்கினமெண்டு பாப்பம்.”

“உங்கட புத்தகம், உங்கட விருப்பம்,” என்று சிரித்தார்.

நான் விதுசனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பக்கத்தைத் திருத்திவிடுவார்கள். ஒருவர் வாசித்துவிட்டார், இரண்டாமவர் தூரத்தில் இல்லை என்று நினைத்தேன். போன் பக்கத்தில் இருந்தபடி கார்த்திகை வரை பார்த்திருந்தேன்.

கார்த்திகையில் விதுசன் மென்பொருளில் எதையோ திருத்தினான். அந்தத் திருத்தத்தோடு கீழ்க்கிராமத்து நம்பர்கள் விடுபட்டுப் போயின. சுளகு அதைப் பிடித்தது, பிறகு பொறுத்துக்கொண்டது. திரையில் பச்சை. அந்தக் கிழமையே, காலை ஒன்பது மணிக்கு வான்கதவு திறந்தார்கள். ஐயாத்துரையண்ணை மாட்டுப்பட்டியில் கன்றுகளோடு நின்றாராம். மெசேச் வந்தால் அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்கு வாறன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். இரண்டாம் நாள் உடலைத்தான் எடுத்தார்கள். சேர்ட் பொக்கற்றில், பொலித்தீன் பைக்குள் போன் நனையாமல் இருந்தது. மெசேச் ஒன்றும் இல்லை.

இது கவனக்குறைவா என்று கேட்டீர்கள். இல்லை. அந்த வரி எங்கே போய் இருக்கிறதென்று அவர் சொல்லித்தான் எனக்கு ஐப்பசியிலேயே தெரியும். அவருடைய வாயையும் நான்தான் கட்டினேன். ஒரு கோல் எடுத்திருந்தால் அவர் இருந்திருப்பார். எடுக்கவில்லை. செய்தது நான்.

பிழை என் புத்தகத்தில் இல்லை என்பதையும் எழுதிக்கொள்கிறேன். வாசிக்கிற ஒருவர் வாசித்து, சரியாக விளங்கிக்கொண்டார். அடுத்த பதிப்பை அவருக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறேன்.

இது கடைசிப் பக்கம். கையெழுத்து வைக்க முன்னர் முதற் பக்கத்தை ஒருக்கால் திருப்பிப் பாருங்கள், பிள்ளைகள். மூன்று பேரும் மாங்காய்க் கள்ளர் என்று எழுதியிருக்கிறேன். அடியில் உங்கள் மூன்று கையெழுத்தும் இருக்கிறது.

ஐயாத்துரையண்ணையென்றால் அப்போதே கேட்டிருப்பார்.