இருநூத்தி பதினாலு அப்பன்

...மேனேஜராம்! நீயே சொல்லு நைனா, மேனேஜர்னா யாரு? ஃபேனுக்குக் கீய குந்திகினு, கண்ணாடிய மூக்கு நுனில வெச்சிகினு, நம்ம லீவு லெட்டர ரெண்டு தபா படிச்சிட்டு 'அப்பால பாக்கலாம்'னு சொல்றவன். அவன்தான மேனேஜரு? இன்னாடான்னா நெட்டுக்குள்ள ஒரு சாப்ட்வேரு கீதாம், அதும் பேரு ரெபரன்ஸ் மேனேஜராம். அது பண்ண வேலைல ஒரு பொண்ணோட படிப்பே அந்தரத்துல தொங்கிகினு கீது!

குந்து, குந்து. கரண்ட்டு பன்னண்டு மணிக்குத்தான் வரும். அந்த ஸ்டூல்ல குந்தாத, அதுக்கு ஒரு காலு ஆடும். இதுல குந்து. செருப்ப வெளிய வுட்டியா? ஆங், நல்லது. ஏசி இல்லதான், ஆனா கம்ப்யூட்டருக்குன்னு ஒரு மரியாத வேணும்ல. இன்னா, பிரிண்ட்டா? தீசிஸா! எம்.ஃபில்லா? அடடா, சரியான ஆளாண்டதான் வந்துகீற. தேரடில மூணு பிரௌசிங் சென்டர் கீது, தீசிஸ்னா இந்த சுப்பராயன்தான். உங்கப்பா பேரு இன்னா? மாசிலாமணியா... நல்ல பேரு. இல்ல, சொம்மா கேட்டேன்.

இன்னா சொல்லிகினு இருந்தேன்? ஆங், பொண்ணு. சங்கமித்ரா. வியாசர்பாடி. பகல்ல வண்ணாரப்பேட்டைல ஜவுளிக் கடைல நின்னுகினு சேல பிரிச்சிக் காட்டற வேல. ஒரு நாளிக்கு இருநூறு சேல பிரிக்கும், மடிக்கும். சாய்ந்தரம் நேரா இங்க வந்துரும். தோ, அந்த ஜன்னலோர மிசினுதான். மூணு மாசமா குந்திகினு எயுதிச்சி. இன்னா சப்ஜெக்ட்டு தெரியுமா? ஹார்பர்ல மூட்ட தூக்கினவங்களோட வரலாறு. இன்னிக்கி நாலு மணிக்குள்ள யூனிவர்சிட்டில குடுக்கணும் நைனா. நாலு அஞ்சுன்னா வாங்க மாட்டான். ஏற்கெனவே ரெண்டு தபா டைம் கேட்டு வாங்கிடுச்சி, மூணாவது தபா கெடையாது. பேர அடிச்சிருவாங்க.

இந்த சாப்ட்வேரு இன்னா பண்ணும்னா... தீசிஸ்ல யாரு யாரு புக்கப் படிச்சி எயுதினன்னு கடசில ஒரு லிஸ்ட்டு போடணும்ல? எயுதினவரு பேரு, புக்கு பேரு, வருசம். அத்த ஒரு தபா இதாண்ட குடுத்து வெச்சிட்டா போதும். தீசிஸ்ல எங்கெங்க அந்தாளு பேரு வேணுமோ, அங்கெல்லாம் அதுவே கொண்டாந்து ஒட்டிரும். கமா, புள்ளி, பிராக்கெட்டு, அல்லாமே அதும் பொறுப்பு. நல்ல விசயந்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா லிஸ்ட்டுல ஒரு பேரு தப்பா குந்திச்சின்னு வையி... நூத்தி எம்பது பக்கத்துலயும் தப்பா போய் குந்திகினு கீது! கலீஜு!

அந்தப் பொண்ணுக்கு கைடு வேதமாணிக்கம் சாரு. தெக்கத்தி மனுசன், பொறுமைசாலி. நேத்திக்கு தீசிஸ படிச்சிகினே வராரு. 'யூனியனுங்களப் பத்தி தேவசகாயம் இப்பிடிச் சொல்றாரு'ன்னு கீது. யார்றா இந்த தேவசகாயம்? பக்கத்தத் திருப்பறாரு. அங்கயும் தேவசகாயம். பதிமூணு எடத்துல தேவசகாயம்! கடசில லிஸ்ட்டப் பாத்தா, புக்கு இவரோட புக்கு! இவரு எயுதினது! பேரு மட்டும் இவரோட அப்பா பேரு!

பொண்ணக் கூப்ட்டு கேக்கறாரு, "ஏம்மா, எங்கப்பா பலசரக்குக் கடைல்லா வச்சிருந்தாவ? அவுக எப்பம்மா புஸ்தகம் எழுதுனாவ? தொண்ணூத்தொண்ணுன்னு போட்டிருக்கிய, அவுக எம்பத்திரெண்டுலயே போய்ச் சேந்துட்டாவளே!" பொண்ணு மெர்சலாயி பாக்குது. லிஸ்ட்டு பூரா அப்பன்மாரு. இருநூத்தி பதினாலு! அதுல பாதி பேரு கைநாட்டு. சாரு கண்ணாடியக் கயட்டி வெச்சிட்டு, "இது ஆராய்ச்சியா, ஓட்டர் லிஸ்ட்டா?"ன்னாராம். பேருங்க சரியானாத்தான் கையெயுத்துன்னுட்டாரு.

சிரிக்காத நைனா. ஒரு பொண்ணோட வாய்க்கப் பிரச்சன இது.

சரி, அந்த சாப்ட்வேர்ல ரெண்டு கட்டம் கீது. ஃபர்ஸ்ட் நேமு, லாஸ்ட் நேமு. நமக்கு ஏது லாஸ்ட் நேமு? பேரு ஒன்னு, இனிஷியல் ஒன்னு, அவ்ளோதான நம்ம சொத்து? ரேஷன் கார்டுல இன்னா கேக்கறான்? கேஸ் கனெக்சன்ல இன்னா கேக்கறான்? 'தந்தை அல்லது கணவர் பெயர்.' வெள்ளக்காரன் கடசில வெச்சிக்கறதும் அவன் அப்பன் வூட்டுப் பேருதான? அப்ப லாஸ்ட் நேமுல நம்ம அப்பன் பேரத்தான் போடணும். நியாயமா இல்லயா? போட்டா... அந்த லாஸ்ட்டத் தூக்கி ஃபர்ஸ்ட்டுல வெக்கிது! லாஸ்ட்டுன்னு சொல்லி வாங்கிகினு ஃபர்ஸ்ட்டுல வெச்சா அது மோசடி இல்ல?

யாரு போட்டதா? யாரோ போட்டாங்க. நீ கதயக் கேளு.

புக்கு மேல வெறும் இனிஷியல்தான் கீது. கே-ன்னா குப்புசாமியா, கோதண்டமா? இஸ்டத்துக்குப் போட முடியுமா? வேலைன்னா சுத்தமா இருக்கணும். புக்கு பின்னாடி கீற நம்பருக்கெல்லாம் போனு. 'சார், உங்கப்பா பேரு இன்னா சார்?' மூணு பேரு போலீஸுன்னு நெனச்சி டக்குனு வெச்சிட்டான். ஒருத்தரு, 'நான் லோனே வாங்கலயே'ன்றாரு. எண்ணூர்லேர்ந்து ஒரு வயசானவரு, பாவம், அப்பா பேரச் சொல்லிட்டு அயுதுட்டாரு. முக்கா மணி நேரம் அவுங்கப்பா மாட்டு வண்டி ஓட்டின கதயச் சொல்றாரு, மாட்டுக்கு எந்த காலு நொண்டின்ற வரிக்கும். அத்த எந்தக் கட்டத்துல போடறது? 'நோட்ஸ்'னு ஒரு கட்டம் சொம்மா கெடந்துச்சி, அதுல போட்டேன்.

...போட்டாங்கன்னு சொன்னேன். காதுல சரியா வாங்கு.

அப்பால குணசுந்தரின்னு ஒரு புரபசரம்மா. பொம்பளைன்னா கணவர் பேரு. ஊட்டுக்காரரு பேரு ரகுபதியாம், விசாரிச்சிப் போட்டாச்சி. அந்தம்மா சங்கமித்ராவோட காலேஜுக்கே வர ஆளு போலகீது, எவனோ காட்டிட்டான். நேத்து சாய்ந்தரம் எனுக்கு போனு! "அந்தாளோட நான் பன்னண்டு வருசமா பேசறதில்ல! ராத்திரி பகலா முயிச்சி எயுதின புக்கு அவன் பேர்லயா?"ன்னு ஒரு கத்து. எனுக்கு எப்பிடி தெரியும் வூட்டு விசயம்? 'பிரிஞ்சவங்களுக்கு தனிக் கட்டம் இல்லம்மா'ன்னேன். இன்னும் கத்தறாங்க.

இது பரவால்ல. 'கவர்மெண்ட் ஆஃப் மெட்ராஸ்'னு ஒரு எய்த்தாளரு. பெரிய பெரிய புக்கா எயுதிகீறாரு. அதுக்கு யாரு அப்பன்? ஒரு நாளு பூரா யோசன. கடசில 'டெல்லி'ன்னு போட்டாச்சி. 'டெல்லி (1931) கூறுகிறார்'னு வருது. அதுல இன்னா தப்பு?

அனானிமஸ்! இவருதான் பேஜாரு. ஏயு புக்கு எயுதிகீறாரு மனுசன். ஒரு புக்குலயும் இனிஷியல் கெடையாது, பின்னாடி போனு நம்பரு கெடையாது. கிறிஸ்டியன் பேரு மாரி கீதேன்னு ராயபுரத்துல ரோசி டீச்சராண்ட போயி, 'உங்க சர்ச்சுல அனானிமஸ்னு யார்னா கீறாங்களா, அவுங்கப்பா பேரு வேணும்'னு கேட்டேன். அந்தம்மா என்னிய ஒரு பார்வ பாத்துச்சி பாரு... தண்ணி குடுத்து அனுப்பிச்சி.

இன்னா பாக்கற? ஆமா. நாந்தான். போதுமா?

அந்தப் பொண்ணு ஒயுங்காத்தான் போட்டு வெச்சிருந்துச்சி. இருநூத்தி பதினாலும் சரி. போன வாரம், "அண்ணே, கடைல சீசனு, நான் வர முடியாது. பாஸ்வேர்டு இந்தாங்க, பிரிண்ட்டு மட்டும் எடுத்து வைங்க, சனிக்கெயம வரேன்"னுச்சி. பிரிண்ட்டு மட்டும். நான் தொறந்து பாக்கறேன், 'வேதமாணிக்கம், கமா, டி' ன்னு கீது. அப்பன் எய்த்து பின்னாடி! பெத்தவன வாசலுக்கு வெளிய நிக்க வெச்ச மாரி. எனுக்கு மனசு கேக்கல. அஞ்சு நாளு கீதே, புள்ளைக்கு ஒரு ஒத்தாச பண்ணுவோம்னு... அது சனிக்கெயம வந்து நம்பி வாங்கிகினு போச்சி, பிரிச்சிக்கூட பாக்கல.

நேத்து போன்ல என்னியத் திட்டவே இல்ல நைனா. "அண்ணே, ரெண்டு மணிக்கு வரேன்"னுச்சி. அவ்ளோதான். ரெண்டு வார்த்த திட்டிருந்தா நல்லா தூங்கிருப்பேன்.

காத்தாலேர்ந்து ஒன்னொன்னா திருப்பி வெச்சிகினு கீறேன். இருநூறு முடிச்சேன், போச்சி கரண்ட்டு. பதினாலு பாக்கி. பதிமூணு கஸ்டமில்ல, கடசி ஒன்னுதான்...

அது நான்தான். தீசிஸுக்காவ அந்தப் பொண்ணு என்னியும் பேட்டி எடுத்துச்சி. எங்கப்பன் ஹார்பர்ல கரி மூட்ட தூக்கினவரு. பிச்சாண்டி. மேஸ்திரி நோட்டுல பேரு கெடையாது, வெறும் நம்பரு. நானூத்தி பன்னண்டு. கூப்புடறதும் அப்பிடித்தான். வூட்டுக்கு வந்தா மூஞ்சி பூரா கரி, அடையாளம் தெரியாம நான் வீல்னு அயுவேனாம், வாசல்ல குளிச்சிட்டுத்தான் உள்ள வருவாராம். இத்த சொன்னேன், எயுதிகிச்சி. நான் மாத்தினதுக்கு அப்பால அது இன்னா ஆயிருச்சின்னா, 'பிச்சாண்டி (2009) நேர்காணலில் கூறியது.' செத்து முப்பத்தஞ்சு வருசம் ஆவுது. தோ, போன மாசம் வந்து பேட்டி குடுத்துட்டு போயிகீறாரு!

சிரி, சிரி. இதுக்கு நானே சிரிச்சேன். அப்பால அந்தப் பக்கத்த மட்டும் நாலு தபா பாத்தேன்.

இன்னொன்னு கேளு. நான் நைட்டு ஸ்கூலு. சேரும்போது அங்க பேரு எயுதற ரைட்டரு, "பேரு?"ன்னாரு. 'சுப்பராயன்.' "இனிஷியல்?" அப்பிடின்னா இன்னான்னு எனுக்குத் தெரியாது. "பேரோட மொத எய்த்துப்பா, சீக்கிரம் சொல்லு"ன்னாரு. என் பேரோட மொத எய்த்து இன்னா? 'எஸ்'ன்னேன். எயுதிகினாரு. எஸ். சுப்பராயன். பத்தாவது சர்டிபிகேட்லேர்ந்து வாசல்ல கீற போர்டு வரிக்கும் அதான். எனுக்கு நானே அப்பன்! ஊர்ல கீற அத்தினி பேருக்கும் போனு போட்டு அப்பன் பேரு கேட்டவன்...

அடேய், வந்துருச்சி, வந்துருச்சி! கரண்ட்டு! இரு இரு, மொதல்ல மானிட்டரு... வா ராசா, வா... நெட்டு? வந்துருச்சி! அப்பிடியே குந்து, உன் வேல அஞ்சு நிமிசந்தான். இருநூத்தி ஒன்னு... ம்... அனானிமஸு, நீ அப்பன் இல்லாமயே இரு... குணசுந்தரி, தோ வந்துட்டம்மா நீயே... இருநூத்தி பதிமூணு. முடிஞ்சிது. இப்ப இந்த ஒன்னு. அது போட்ட மாரியே திருப்பி வெச்சா 'சுப்பராயன், எஸ்.' அதுவும் தப்பு. ஆனா கேக்காம மாத்தினது போதும்பா. ஒரு நிமிசம், போனப் போடறேன்.

அலோ, மித்ரா... அண்ணன்தாம்மா. இல்லம்மா, அல்லாம் திருப்பிட்டேன், ஒன்னுதான் பாக்கி... இல்ல, இல்ல, நானா எத்தயும் பண்ணல, சத்தியமா! அதுக்குத்தான் கேக்கறேன்... என்னுது, இருநூத்தி பதினாலு. எனுக்கு எஸ் இல்லம்மா. பி. ...பிச்சாண்டி. சர்டிபிகேட்ல எஸ்ஸுதான், அது அப்பறம் ஒரு கத... போட்டுக்கட்டுமா?

...

சரிம்மா. ...சரி. சரி, வெச்சிடறேன்.

போட்டுக்கன்னுருச்சி நைனா. 'இத்த மொதல்லயே கேட்ருக்கலாம்லண்ணே'ன்னுது. சுப்பராயன்... கமா... பி... புள்ளி. சேவ். தோ பாரு, ஒரே எடத்துல போட்டேன், நூத்திப் பத்தாவது பக்கத்துல தானா மாறிகினு கீது பாரு! ஒத்த எய்த்து, எங்கப்பன் பின்னாடிதான் நிக்கிறாரு. நிக்கட்டும், வாசல்ல குளிச்சிட்டு வந்துகினு கீறாரு. நல்ல சாப்ட்வேருதாம்பா! சரி, உன் பென் டிரைவ குடு, மாசிலாமணி இனிஷியல் எம்முதான...

நைனா?

எங்கப்பா போய்ட்டான்? பென் டிரைவயும் எட்த்துகினு... அடப்பாவி, இது இன்னா? இது என் செருப்பு இல்லயே! என்னுது புதுசு, இது வாரு அந்து கீது! யோவ்! தம்பீ! நில்லு! ...தோ போறான் தேரு பக்கமா, என் செருப்ப மாட்டிகினு! கூப்புடலாம்னா அவன் பேரு...

பேரக் கேக்கவே இல்லயே. அப்பன் பேரத்தான கேட்டேன்...

யோவ், மாசிலாமணீ...! ஏய், மாசிலாமணி! ...இன்னா பெருசு, நீ எதுக்கு திரும்பற? உம் பேரும் மாசிலாமணியா? ...எம்.ஃபில் படிக்கிற மவன் கீறானா உனுக்கு? இல்லயா? ...அப்ப நீ போ, பெருசு. உன்னிய இல்ல!