மூன்றாவது அடிக்குப் பின்

கடலோரத்துக் கோயில்களில் பாடற்பயிற்சியைக் கதவைச் சாத்திவிட்டு நடத்துவதே முறை. திறந்திருந்தால் உப்புக்காற்று மெழுகுதிரிகளை அணைப்பதோடு பிள்ளைகளின் கவனத்தையும் கலைத்துவிடும்.

நிதர்சனா, இளைஞர் மன்றத்தின் வெள்ளிவிழா மலருக்காக நீர் என் நினைவுகளைக் கேட்டீர். இடம்பெயர்ந்து மல்லாவியில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தபோதுகூட, திருப்பாடுகளின் காட்சியை நாங்கள் ஒரு தவக்காலத்திலும் கைவிட்டதில்லை. அதற்குக் காரணம் ஒழுங்கு. மணி அடித்ததும் கதவைப் பூட்டுவேன். பிந்தி வருபவர் மாதாவின் புலம்பற்பாட்டு முடியும்வரை வெளியே நிற்க வேண்டும். ஒருமுறை பங்குத்தந்தையே நின்றிருக்கிறார். அதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறீர்கள்.

1998ஆம் ஆண்டு, பெரிய வியாழனுக்கு முந்திய மாலை, ஸ்ரெல்லா பிந்தினாள். மாதாவின் புலம்பலைப் பாடுபவள் அவளே. தகப்பனோடு களப்பில் இறால் பிடித்துவிட்டு வருவதால் அந்த வாரம் ஏற்கெனவே பிந்தியிருந்தாள். அவளுடைய பகுதியை இன்னொருத்தியிடம் கொடுத்துப் பயிற்சியைத் தொடங்கினேன்.

திரைக்குப் பின்னால் நின்று, ஆணி அறையும் கட்டத்தில் பலகையைச் சுத்தியலால் மூன்று தரம் அடிப்பது அனிஸ்ரனின் வேலை. அன்றும் அடித்தான். எல்லோரும் உச்சக் குரலில் பாடினார்கள். நான் வழக்கம்போலக் கதவருகே கதிரையில் இருந்தேன்.

பின்னர் நடந்ததை நீர் அறிவீர். விமானம் போட்ட குண்டு முற்றத்தில் விழுந்தது. கோயிற்சுவர் தாங்கியது, உள்ளே இருந்த அனைவரும் பிழைத்தோம். ஸ்ரெல்லா வாசற்படியில் கிடந்தாள். பூட்டிய கதவு எங்களைக் காத்தது என்று ஆண்டுதோறும் மன்றம் நன்றிச் செபம் சொல்கிறது. அதைத் தொடக்கியவள் நானே.

மகள் கதவைத் தட்டவில்லையா என்று தாய் இராசாத்தி என்னிடம் கேட்டார். அனிஸ்ரன் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தான், அந்தச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை என்றேன். பாடியவர்களின் காதிலும் ஏதோ அடிக்கும் ஓசை விழுந்திருந்தது. ஆகவே அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

“நான் மூண்டு தரம்தான் அடிச்சனான், ரீச்சர்,” என்றான் அனிஸ்ரன்.

“நல்லா யோசிச்சுப் பார்,” என்றேன்.

யோசித்தான். இன்றுவரை யோசிக்கிறான். கோயிலுக்குள் வருவதில்லை, வள்ளத்தில் ஓர் ஆணி அறைவதற்கும் தம்பியைக் கூப்பிடுகிறானாம். அண்மையில் சந்தையில் கண்டபோது, “கூட அடிச்சுத்தான் இருப்பன், ரீச்சர். அவள் தட்டினது என்னாலைதான் கேக்கேல்லை,” என்றான்.

அவனுடைய பெயரை மலரில் போடலாமா என்று நீர் தயங்கியதால் இதைச் சொல்கிறேன். போடும். அவன் மூன்று தரம்தான் அடித்தான். மற்றவை கதவில் விழுந்தவை.

அவளுடைய குரலும் கேட்டது.

“ரீச்சர், திறவுங்கோ. மேலை சுத்துறான்.”

சாவி என் மடியில் இருந்தது. திறந்திருந்தால் பிள்ளைகள் வெளியே சிதறி ஓடியிருப்பார்கள் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அந்த நேரத்தில் நான் அப்படி நினைக்கவில்லை. புலம்பல் முடிய இன்னும் இரண்டு வரிகள் இருந்தன, அவ்வளவுதான்.

அந்தப் பெரிய வெள்ளியன்றும் காட்சியை நடத்தினோம். ஒருவரும் பிந்தி வரவில்லை.